இடனறிதல்: நெடுங்குன்றத்து முதலையும் நம் பயமும்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிக்கொண்டிருந்த நாள். பாதி ஊரில் கரண்ட் இல்லை. செல்போனில் மிச்சமிருந்த சார்ஜைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள்கூட ஒரு காணொளியை மட்டும் திறந்து பார்த்தார்கள். பெருங்களத்தூரை ஒட்டிய நெடுங்குன்றம் பக்கத்துச் சாலையில், காருக்குள்ளிருந்து யாரோ எடுத்தது. மழையில் மினுங்கும் தாரின் மேல் ஒரு முதலை நடந்துபோய் ஓரத்துப் புதருக்குள் மறைகிறது. மொத்தமே சில நொடிகள். சுற்றுச்சூழல், வனத்துறையின் செயலராக இருந்த சுப்ரியா சாஹு அன்றே எக்ஸ் தளத்தில் பதில் எழுதினார். சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, அவை கூச்ச சுபாவம் கொண்டவை, நீர் வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, சீண்டாமல் விட்டால் ஒன்றும் செய்யாது என்பது அதன் சாரம். ஆனால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வாட்ஸ்அப்பில் அந்தக் காணொளியோடு சேர்ந்து ஓடிய வாசகம் வேறு. "ஊருக்குள் முதலை புகுந்துவிட்டது!"

அந்தப் "புகுந்துவிட்டது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பதிவு முழுவதும் பேசப்போகிறேன். முதலையோடு அக்கம்பக்கமாக வாழ்வது எப்படி என்ற கேள்விக்கான பதில், எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது. மயிலாப்பூர்க்காரர்கள் தங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடும் வள்ளுவர், இடனறிதல் அதிகாரத்தில் இதைச் சொல்லிவைத்திருக்கிறார். ஆழமான நீரில் முதலை மற்றவற்றை வெல்லும், நீரைவிட்டு வந்தால் மற்றவை அதை வெல்லும் என்பது அங்கே வரும் கருத்து. அரசனுக்குப் போர்க்களம் பற்றிச் சொன்னதுதான். ஆனால் உவமைக்காக எடுத்துக்கொண்ட உயிரைப் பற்றிய கவனிப்பு மிகச் சரியானது. சாலையில் நடக்கும் முதலை தன் பலம் முழுவதையும் ஏரியில் விட்டுவிட்டு வந்திருக்கிறது. நாம் பயந்து கூச்சல் போட்டது அந்த முதலையைப் பார்த்து. அதே முதலை மறுநாள் ஏரிக்குத் திரும்பிக் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மிதந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கரையில் துணி துவைக்க இறங்குபவரைப் பற்றி நாம் யாரும் ஒரு வரி எழுதவில்லை. பயம் இடம் மாறிப்போயிருக்கிறது. அதைச் சரியான இடத்தில் வைத்தால் உயிர்கள் தப்பும், இரண்டு பக்கமும்.

முதலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கிண்டி பாம்புப் பண்ணையிலோ வடநெம்மேலி முதலைப் பண்ணையிலோ சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே போதும். கண், காது, மூக்குத்துளை மூன்றும் தலையின் மேல்பக்கத்தில் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. உடம்பு மொத்தமும் மூழ்கியிருக்க, இவை மட்டும் நீருக்கு மேலே வரும். தொண்டைக்குள் ஒரு மடிப்பு இருக்கிறது. நீருக்குள் வாயைத் திறந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போகாமல் அது அடைத்துக்கொள்ளும். வால்தான் துடுப்பு, வால்தான் விசை. நீர் விளிம்புக்கு வரும் இரையை ஒரே எகிறலில் கவ்வி உள்ளே இழுத்துவிட வேண்டும் என்ற ஒரே வேலைக்காகச் செய்த உடம்பு அது. துரத்திப் பிடிக்கும் உடம்பு அல்ல. சிறுத்தை போலவோ நாய் போலவோ இரையின் பின்னால் ஓட அதற்கு மூச்சு நிற்காது. தரையில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான்கு காலில் நடக்கும், கொஞ்ச தூரம் வேகமாகவும் போகும், ஆனால் அந்த நடையின் நோக்கம் பெரும்பாலும் அடுத்த தண்ணீர். இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: கூடு காக்கும் தாய் முதலை. அதைப் பிறகு சொல்கிறேன். வாயைப் பிளந்தபடி கரையில் கிடக்கும் முதலை கடிக்கத் தயாராக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நம் ஏரிகளில் இருப்பது நன்னீர் முதலை. சதுப்பு முதலை என்றும் மகர் முதலை என்றும் சொல்வார்கள். கோயில் தோரணத்தில் இருக்கும் அதே மகரம்தான் வடக்கே போய் மகர் ஆனது. முக்கிய உணவு மீன். ஆமை, பறவை, நாய், பன்றி, கரைக்கு வரும் ஆடு எல்லாம் வாய்ப்பைப் பொறுத்து. பொறுமை அதற்கு அதிகம். வடநெம்மேலியில் கவனித்த ஒரு விஷயத்தை 2013-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கொக்குகள் கூடு கட்டும் இடத்துக்கு அருகில், மூக்கின் மேல் குச்சிகளைத் தாங்கியபடி முதலைகள் அசையாமல் கிடக்கின்றன. கூட்டுக்குக் குச்சி பொறுக்க வரும் கொக்கு அதன் அருகில் இறங்கினால் முடிந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் அலிகேட்டர்களிடமும் இதே பழக்கத்தைப் பார்த்தார்கள். இந்தச் செய்தியை வியப்புக்காக மட்டும் படித்துவிட்டுப் போகக் கூடாது. இரை எங்கே வரும், எதைத் தேடி வரும் என்பதைக் கவனித்துக் காத்திருக்கும் பிராணி இது என்று அது சொல்கிறது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே படித்துறையில், ஒரே மூலையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவினால், அந்த ஒழுங்கை நீருக்குள்ளிருந்து ஒன்று படித்துக்கொண்டிருக்கக்கூடும். முதலை இருக்கும் நீரில் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள் என்று உலகெங்கும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, தண்ணீரில்தானே இருக்க வேண்டும், ஏன் சாலைக்கு வந்தது? இதற்குப் பதில் முதலையிடம் இல்லை, ஏரியிடம் இருக்கிறது. தொண்டை மண்டலத்து ஏரிகள் தனித்தனிக் குட்டைகளாக வெட்டப்பட்டவை அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, வாய்க்காலில் ஓடி, கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. கடைசியில் ஆறு, கடல். இந்தச் சங்கிலியில் தண்ணீர் போகும் வழியேதான் மீன் போகும், மீன் போகும் வழியேதான் முதலை போகும். கலங்கலுக்குக் கீழே வாய்க்கால் இருந்த இடத்தில் இன்று மனை பிரித்து, தெரு போட்டு, வீடு கட்டியிருந்தால், அடைமழை நாளில் அந்தத் தெருவே வாய்க்கால் ஆகிறது. தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. அதோடு வரும் உயிர்களும் அந்த வழியில்தான் வருகின்றன. "முதலை ஊருக்குள் வந்தது" என்பதைவிட "ஊர் வாய்க்காலுக்குள் வந்தது" என்பது அந்த நாளைப் பற்றிய சரியான வர்ணனை.

நகரத்தின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு இது புரிவது கடினம். ஏனென்றால் நம்முடைய ஏரியை நாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டோம். தி.நகர் இருக்கும் இடத்தின் பெரும்பகுதி ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு வளைந்து கிடந்த அதை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். மாம்பலம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்பவை அதன் பகுதிகள். 1920-களில் அதை வடித்து, தியாகராய நகரைத் திட்டமிட்டுக் கட்டினார்கள். நுங்கம்பாக்கத்தில் இன்றும் 'லேக் ஏரியா' என்ற பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. பாண்டி பஜாரில் புடவை எடுத்துக்கொண்டு நிற்பவர் ஏரிப்படுகையில் நிற்கிறார் என்பதை மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நினைவூட்டுகிறது. இதைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. தி.நகர் எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் தண்ணீரை மூடிவிட்டுப் பாதுகாப்பாக இருக்கும் நாம், இன்னும் தண்ணீரைத் திறந்து வைத்திருக்கும் நெடுங்குன்றத்தையும் வண்டலூரையும் பார்த்து "அங்கே முதலை இருக்கிறதாமே, ஐயோ" என்று சொல்லும்போது, அங்கே இன்னும் ஏரி உயிரோடு இருக்கிறது என்ற செய்தியும் அதற்குள் இருப்பதைக் கேட்க வேண்டும். முதலை நிலைத்து வாழ அதற்கு வேண்டிய மீன் வேண்டும், கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், சிமென்ட் பூசாத மண் கரை வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லோருக்கும் உடனே தோன்றுவது: பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டுவிட்டால் என்ன? கேட்க எளிமையாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களின் அனுபவம் வேறு. ஆஸ்திரேலியாவில் உவர்நீர் முதலைகளைப் பிடித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்தி, தொலைவில் விட்டுப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அவை வந்த இடத்துக்கே திரும்பின. ஒன்று கேப் யார்க் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வீடு வந்து சேர்ந்தது. அலிகேட்டரை இடம் மாற்றினால் பிடித்த இடத்துக்கே திரும்ப முயலும் என்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில வனவிலங்குத் துறையும் சொல்கிறது. திரும்பும் வழியில் அது எத்தனை தெருக்களைக் கடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் இடத்து ஆபத்தை எடுத்து வழிநெடுகத் தூவியதாக ஆகும். திரும்பாமல் புது ஏரியிலேயே தங்கினாலும், அந்தக் கரை மக்களுக்குத் தங்கள் நீரில் முதலை இருப்பதே தெரியாது. முதலை இருப்பது தெரிந்த ஏரியைவிட, இருப்பது தெரியாத ஏரி ஆபத்தானது. காலியான பழைய ஏரிக்கு, வாய்க்கால் வழியே இன்னொன்று வந்து சேரவும் கூடும். இருந்த பெரிய முதலை மற்றவற்றை விரட்டி வைத்திருந்தது. அது போனதும் இடம் திறந்துவிடுகிறது.

முதலைப் பண்ணையில் கொண்டுபோய் அடைத்துவிடலாமே என்பவர்களுக்கு, அந்தப் பண்ணையின் கதையே பதில். ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-ல் வடநெம்மேலியில் அதைத் தொடங்கியபோது நாட்டில் முதலைகள் தோலுக்காக வேட்டையாடப்பட்டுத் துடைத்தெடுக்கப்பட்டிருந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. 1975-ல் மத்திய அரசு முதலைகளைக் காப்பதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியிருந்தது. முட்டை பொரிக்க வைத்து, வளர்த்து, காடுகளுக்கு அனுப்புவதுதான் பண்ணையின் நோக்கம். நன்னீர் முதலை அங்கே ஆயிரக்கணக்கில் பெருகியது. விட இடம் இல்லாமல் போனது. இடநெருக்கடி முற்றி, 2022-ல் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள மையத்துக்கு ஆயிரம் முதலைகள் வரை அனுப்பும் நிலை வந்தது. அதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. அடைத்து வைக்க இடமே இல்லாத நேரத்தில், ஏரியில் தன்பாட்டுக்கு இருப்பதையும் பிடித்து அடைப்போம் என்பது கணக்குக்கு ஒத்துவராத யோசனை.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் நுணுக்கமானது. நெடுங்குன்றத்து முதலைகள் இயற்கையாக வந்தவை அல்ல, வண்டலூர் பூங்காவிலிருந்து தப்பி வந்தவற்றின் வாரிசுகள், அதனால் அவற்றுக்கு அங்கே உரிமை இல்லை என்பார்கள். 2015 வெள்ளத்திலும் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஓடி, பண்ணை மறுக்க வேண்டியிருந்தது. முதலை என்றாலே யாரோ எங்கோ பூட்டி வைத்தது தப்பி வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஆனால் இது தமிழ் நிலத்தின் பிராணி. முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயர்களை அடுத்தடுத்து வைத்துச் சொல்லும் அளவுக்குச் சங்கப் புலவர்களுக்கு அவற்றின் வேறுபாடு தெரிந்திருந்தது. அமராவதியில், ஒகேனக்கல்லில், சாத்தனூரில், கொள்ளிடத்தில் இன்றும் அதே இனம் வாழ்கிறது. ஒரு குறிப்பிட்ட முதலையின் பாட்டி எந்தத் தொட்டியில் முட்டையிட்டது என்ற ஆராய்ச்சி, கரையில் நிற்பவரின் பாதுகாப்பைக் கடுகளவும் கூட்டாது. மண்ணுக்குரிய உயிருக்கும் வெளியிலிருந்து வந்ததற்கும் உள்ள வேறுபாட்டை ஃபுளோரிடா தெளிவாக வைத்திருக்கிறது. அங்கே வெளியிலிருந்து வந்து பெருகிய பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க 2017-ல் நம் செங்கல்பட்டு இருளர்கள் இருவரைக் கூப்பிட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அந்த இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வெளியிலிருந்து வந்த பாம்பை ஒழிக்க அத்தனை தூரம் ஆள் தேடிய அதே மாநிலம், மண்ணுக்குரிய அலிகேட்டர்களோடு சேர்ந்து வாழ்கிறது. எண்ணிக்கை சுமார் 13 லட்சம்.

மூன்றாவது எதிர்வாதம்தான் கனமானது. "உங்களுக்கு முதலை பெரிதா, குழந்தை பெரிதா?" இதைக் கேட்பவரை அறியாமையில் பேசுகிறார் என்று ஒதுக்கக் கூடாது. அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட கதையில், ஒரே வயதுச் சிறுவர் இருவர் குளிக்கப் போகிறார்கள், ஒருவன் திரும்பவில்லை. ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவில் வரும்போது ஒரு வீட்டில் பூணூல் கல்யாண மங்கல ஓசை, எதிர் வீட்டில் அழுகை. இழந்த வீட்டின் துக்கம் ஆண்டுகள் போனாலும் ஆறாது என்பதைப் பெரியபுராணம் இரண்டு வாசல்களை எதிரெதிரே வைத்துக் காட்டுகிறது. அந்தத் துக்கம் புராணத்தோடு முடியவில்லை. 2022-ல் சிதம்பரத்துக்கு அருகே பழைய கொள்ளிடத்தில் குளிக்கப் போன கல்லூரி மாணவர் ஒருவரை முதலை இழுத்துச் சென்று அவர் இறந்தார். அந்தக் கரைகளில் கடிபட்டவர்கள், மாடு ஆடு இழந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் "முதலை கூச்ச சுபாவம் உள்ளது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது மனசாட்சிக்கு ஒவ்வாதது.

குழந்தைதான் பெரிது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த மரணம் எங்கே நடந்தது என்று பாருங்கள். தெருவில் நடக்கவில்லை, வீட்டு முற்றத்தில் நடக்கவில்லை. குளிக்கும் நீரில் நடந்தது. அடையாறில் அடுக்குமாடியில் குழாயைத் திறந்து குளிப்பவருக்கு "முதலையோடு சேர்ந்து வாழுங்கள்" என்று எழுதுவது சுலபம். ஆற்றிலும் ஏரியிலும்தான் குளிக்க வேண்டும், துவைக்க வேண்டும், மாட்டைக் கழுவ வேண்டும், வலை வீச வேண்டும் என்றிருப்பவருக்கு அது அறிவுரையாகக்கூட ஆகாது. ஆகவே முதலை இருக்கும் நீர்நிலையின் கரையில் அரசு முதலில் செய்ய வேண்டியது குழாய் போடுவது, குளியலறை கட்டுவது, கால்நடைக்குத் தனித் தொட்டி வைப்பது. இவை வனத்துறையின் பட்டியலில் வருவதே இல்லை, ஏனென்றால் இவை உள்ளாட்சியின் வேலை. வனத்துறை எச்சரிக்கைப் பலகை வைக்கும், உள்ளாட்சி அதைப் படித்துவிட்டுப் போகும், நடுவில் ஒரு தாய் குடத்தோடு இறங்குவார். பலகையைப் படித்துப் பயந்தாலும் அவருக்குத் தண்ணீர் வேண்டும்.

நீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இலங்கையின் மாத்தறையில் நில்வளா கங்கையில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. அங்கே ஆற்றோரத்தில் மரக்கழிகளையும் கம்பிகளையும் நட்டு, நீருக்குள்ளேயே ஓர் அடைப்பு கட்டி, அதற்குள் நின்று மக்கள் குளிக்கிறார்கள். முதலை வெளியே, மனிதர் உள்ளே. பெரிய பொறியியல் எதுவும் இல்லை, கைக்கு எட்டும் பொருட்களால் தலைமுறைகளாகக் கட்டி வருவது. பழைய கொள்ளிடக் கரையின் ஒவ்வொரு படித்துறையிலும் இப்படி ஒன்று கட்ட ஆகும் செலவு, ஒரு வளைவு நுழைவாயில் கட்டும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் போன பிறகு கழி ஆடுகிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். உடைந்த அடைப்பு இல்லாத அடைப்பைவிட மோசம், நம்பி இறங்கிவிடுவார்கள்.

பெரிய நகரத்துக்கு இது சரிப்படுமா என்று கேட்டால், வடோதராவைப் பார்க்கலாம். சென்னை அளவு இல்லை என்றாலும் அது இருபது லட்சம் பேர் வாழும் நகரம். நடுவில் ஓடும் விசுவாமித்திரி ஆற்றில் சில நூறு நன்னீர் முதலைகள். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூன்றே நாளில் இரண்டு டஜன் முதலைகளைக் குடியிருப்புகளிலிருந்து மீட்டார்கள். அந்த ஊர் மக்களுக்கும் பயம் உண்டு, ஆற்றோரத்தில் இறப்புகளும் நடந்திருக்கின்றன. ஆனால் வாசலில் முதலையைப் பார்த்தால் கல்லைத் தேடாமல் மீட்புக்காரரின் எண்ணைத் தேடும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. வலையும் கயிறும் கூண்டு வண்டியும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் மழைக்கு முன்பே தயாராக இருக்கிறார்கள். அதே மாநிலத்தின் சரோதர் பகுதியில் சுமார் முப்பது கிராமங்களின் குளங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட முதலைகள். கோடியார் அம்மனின் வாகனம் முதலை என்பதால் அங்கே மக்களுக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு. பக்தி மட்டும் கடிக்காமல் காப்பாற்றாது. எந்தக் கரையில் முதலை வெயில் காயும், எந்தக் கரையில் நாம் இறங்கலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் காக்கிறது.

ஃபுளோரிடாவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன், ஒன்றை விட்டுவிடுவேன். எடுத்துக்கொள்வது, தீனி போடுவதற்கு எதிரான கண்டிப்பு. அங்கே அலிகேட்டருக்கு உணவு கொடுப்பது குற்றம், மீன் கழிவை நீரில் எறிவதும் கூடாது. மனிதனைக் கண்டால் உணவு என்று பழகிய பிராணிதான் மனிதனை நோக்கி வரும். 1948 முதல் 2021 வரை அங்கே பதிவான சீண்டலற்ற தாக்குதல்கள் 442, அவற்றில் இறப்பு 26. அலிகேட்டர்களோடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கணக்கு இது. விட்டுவிடுவது, நான்கடிக்கு மேல் இருந்து ஆபத்து என்று புகார் வந்தால் பிடித்துப் பெரும்பாலும் கொன்றுவிடும் வழி. அங்கே எண்ணிக்கை தாங்கும், சட்டமும் இடம் தருகிறது. இங்கே நன்னீர் முதலை முதல் அட்டவணையில் உள்ள உயிர், கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஆனால் ஒரு குறிப்பிட்ட முதலை திரும்பத் திரும்ப மனிதரைக் குறிவைத்தால், அதை வனத்துறை பிடித்து நிரந்தரமாக அடைத்து வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஒன்றை எடுப்பதும் ஏரியையே காலி செய்வதும் ஒன்றாகாது.

தீனி என்றதும் நம் ஆட்கள் "நாங்கள் யார் முதலைக்குச் சோறு போட்டோம்?" என்பார்கள். புறநகர் ஏரிக்கரைகளில் ராத்திரியோடு ராத்திரியாக வந்து விழும் கோழிக்கழிவு மூட்டைகளைப் பாருங்கள். மூட்டையைக் கிழிக்க நாய்கள் வரும். குடலும் இறகும் நீர் விளிம்பு வரை இழுபடும். முதலைக்கு அது இரட்டை விருந்து: கழிவும் கிடைக்கும், நாயும் கிடைக்கும். எந்த மேட்டில் மூட்டை கொட்டுகிறார்களோ அதே மேட்டில்தான் பெரும்பாலும் தூண்டில் போடுபவரும் உட்காருகிறார், காலை நீரில் தொங்கவிட்டபடி. ஒரு கோழிக்கடையின் கழிவு எங்கே போகிறது என்று கண்காணிப்பது முதலைப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று எந்தச் சுகாதார ஆய்வாளருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இன்னொன்று, ஏரியை அழகுபடுத்துவது. கரையைச் சுற்றிக் கல் பதித்து, நீர் விளிம்பை ஒட்டியே நடைபாதை போட்டு, அலங்கார விளக்கு வைப்பதுதான் இன்றைய பாணி. முதலை இருக்கும் ஏரியில் இது இரண்டு பக்கமும் தப்பு. மனிதரைக் கொண்டுபோய் அதன் பாய்ச்சல் தூரத்துக்குள் நடக்க விடுகிறோம். வெயில் காயவும் முட்டையிடவும் அதற்கு வேண்டிய மண் கரையைப் பறித்து, அது வேறு இடம் தேடி அலைய வழி செய்கிறோம். நடைபாதை கரையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும். அதற்கும் நீருக்கும் நடுவில் கோரையும் புதரும் அடர்ந்த சரிவு இருக்கட்டும். ஒரு பக்கக் கரையை முழுவதுமாக முதலைக்கு விட்டு, கம்பிவேலி போட்டுவிடலாம். நாம் நடக்கும் பக்கத்தில் சரிவின் அடியில் இடுப்பளவு வேலி. இவ்வளவு செய்தால் மாலையில் பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கும் தாத்தாவும், எதிர்க்கரையில் வாயைப் பிளந்து கிடக்கும் முதலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் இருக்கலாம்.

அடைமழை நாட்களுக்குக் கணக்கு வேறு. கலங்கல் வழிகிறது என்று தெரிந்தால், அந்த ஏரியின் கீழ்ப்பக்கத் தெருக்களில் இரவில் தேங்கிய நீருக்குள் நடக்க வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால் டார்ச் அடித்துக்கொண்டு போங்கள், முதலையின் கண் வெளிச்சத்தில் தணல் போல மின்னும். சாலையில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, போக விடுங்கள். சுற்றி நின்று வழியை அடைத்தால்தான் அது நம் பக்கம் திரும்பும். படம் எடுக்க அருகில் போகிறவர், தானாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றைத் தடுத்து நிறுத்துகிறார். வீட்டு வளாகத்துக்குள் வந்துவிட்டால் கதவைச் சாத்தி, நாயை உள்ளே கட்டி, வனத்துறைக்கு அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கயிறு போட்டுப் பிடிக்கும் வேலை பயிற்சி உள்ளவருக்கு. வாலடி பட்டால் கால் எலும்பு முறியும்.

மழை முடிந்து எல்லோரும் முதலையை மறந்துபோகும் மாதங்களில்தான் முன்பு சொன்ன அந்த விதிவிலக்கு வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தாய் முதலை கரை மண்ணில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே கிடக்கும். அப்போது அது தரையிலும் பாய்ந்து விரட்டும். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, முட்டைக்குள்ளிருந்து குட்டிகள் கூப்பிடும் சத்தம் கேட்டு மண்ணை விலக்கி, அவற்றை வாயில் அள்ளிக்கொண்டுபோய் நீரில் விடும். ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேல், உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை, பல்லி போல இருக்கும். பள்ளி விடுமுறைக் காலம். கரையில் விளையாடும் பிள்ளைகளின் கண்ணில்தான் முதலில் படும், கையில் எடுக்கத் தோன்றும். எடுத்தால் அது கத்தும். சில அடி தூரத்தில், நீருக்கு மேல் இரண்டு கண்கள் மட்டும் தெரிய, அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு அதன் தாய் இருக்கும். நெடுங்குன்றத்துப் பள்ளிகளில் கோடை விடுமுறை விடும் முன் கடைசி மணி நேரத்தில் இதை ஒரு ஆசிரியர் பத்து நிமிஷம் சொல்லி அனுப்பலாம்.